பீப்பாயின் அடியில் சாவி இல்லை: பவி 2003 சர்ச்சையும் சுவைத் தீர்ப்பும்

சுவைத் தீர்ப்புகள் முரண்படுவதை ஆராய்வோர் பெரும்பாலும் மெய்யியலாளர் டேவிட் ஹியூமிடமிருந்தே தொடங்குகிறார்கள். சுவையின் அளவுகோல் பற்றி 1757இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், தோன் கிஹோத்தே நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். நாவல் நாயகனின் பணியாளான சாஞ்சோவின் உறவினர் இருவர் ஒரே ஒயினைச் சுவைக்கிறார்கள். ஒருவருக்கு அதில் தோல் வாடை; மற்றவருக்கு இரும்பின் சுவை. கேட்டவர்கள் நகைக்கிறார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் தோல்வாரில் கட்டிய சாவி கிடக்கிறது. நுண்ணுணர்வு உள்ளவர் சொன்னதைப் பொருளே மெய்ப்பித்துவிடும் என்ற இந்த நம்பிக்கை, 2004இல் பிரான்சின் ஷத்தோ பவி தோட்டத்தின் 2003 ஒயினைச் சுற்றி எழுந்த சர்ச்சைக்கு உதவாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரான்சின் போர்தோ வட்டாரத்துப் பெயர்பெற்ற ஒயின்கள் பாட்டிலில் அடைபடும் முன்பே விலைபோகின்றன. அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், பீப்பாயிலிருந்து எடுத்த மாதிரியைச் சுவைத்து விமர்சகர்கள் மதிப்பெண் இடுவார்கள். 2003 ஐரோப்பாவை வெயில் வாட்டியெடுத்த ஆண்டு. போர்தோவின் சேந்த் எமிலியோன் பகுதியின் சுண்ணாம்புச் சரிவில் உள்ள பவித் தோட்டத்தை 1998இல் வாங்கியிருந்த ஜெரார் பெர்ஸோ, நன்கு கனிந்த பழத்தையும் அடர்த்தியான சாற்றையும் நாடியவர். அவ்வாண்டு ஒயினை அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் தம் 100 மதிப்பெண் அளவுகோலின் உச்சியை ஒட்டி வைத்தார். பிரித்தானியரான ஜான்சிஸ் ராபின்சன் 20க்கு 12 கொடுத்தார். போர்ட் என்னும் இனிப்பு ஒயினைப் போல இனிக்கிறது, காலந்தாழ்த்திப் பறித்த ஜின்ஃபண்டேல் திராட்சை ஒயினைப் போலிருக்கிறது, பச்சை வாடையும் அடிக்கிறது என்பது அவர் குறை.

இதை அமெரிக்க நாக்குக்கும் ஆங்கிலேய நாக்குக்கும் நடந்த போராகச் சுருக்குவது சோம்பல் விளக்கம். இருவர் நாக்கும் முக்கியமானவற்றில் ஒத்தே போயின: மிகுந்த கனிவு, செறிவு, கனம். ராபின்சன் கண்ட பச்சை வாடையும் விசித்திரமன்று. கடும் வெயிலில் பழத்தின் சர்க்கரை விரைந்து ஏறும். தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் அதே வேகத்தில் முதிர்வதில்லை. அளவுக்கு மீறிய கனிவும் முதிராத துவர்ப்பும் ஒரே கோப்பையில் சேரலாம்.

அப்படியானால் பிளவு எங்கே? மெய்யியலாளர் கெண்டல் வால்டன் 1970இல் கலைப்படைப்புகளைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்துகிறது: ஒரு படைப்பை எந்த வகையில் வைத்துப் பார்க்கிறோமோ, அதற்கேற்ப அதே பண்பு நிறையாகவோ குறையாகவோ தெரியும். ராபின்சன் அதைப் போர்தோ என்னும் வகையில் வைத்தார். அங்கே இனிப்பு வரம்பு மீறல். பார்க்கருக்கும் அது போர்தோதான். ஆனால் அவர் புகழ், நன்கு கனிந்த 1982ஆம் ஆண்டுப் போர்தோ ஒயின்களைப் பிறர் தயங்கியபோது துணிந்து போற்றியதால் வளர்ந்தது. அவர் மனத்தில் அந்த வகையின் எல்லையே விரிந்திருந்தது என்று கொள்வது தகும்.

காலம் தீர்த்துவைக்கும் என்று ஒரு மறுப்பு எழலாம். இளம் ஒயினுக்கு இடும் மதிப்பெண் பாதி ஆரூடம் என்பது உண்மையே. பீப்பாய் மாதிரிக்குப் பார்க்கர் ஒற்றை எண் தராமல் ஒரு வீச்சைத் தந்ததும் அதனால்தான். எனினும் முதிர்ச்சி துவர்ப்பைத் தணிக்குமே தவிர, போர்தோ எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாது. 2012இல் பவி சேந்த் எமிலியோனின் உயர்தர 'ஏ' பிரிவுக்கு உயர்ந்ததையும் இங்கே சான்றாக்க முடியாது. அந்த வகைப்பாடு தோட்டத்துக்கு உரியது. ஓர் ஆண்டின் ஒயினுக்கு அன்று.