கோஷா ஆஸ்பத்திரி

என் ஆயாவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே உடம்பு நடுங்கும். “உள்ளே போனவ பொணமாத்தான் வருவா” என்பாள். பினாயில் வாடை வந்தாலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அப்படிப்பட்டவள் என் அம்மாவைப் பெற்றது திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். “அது பொம்பளைங்க ஆஸ்பத்திரிடா” என்று அதற்கு மட்டும் விலக்கு.

அந்த விலக்குக்கு ஒரு வரலாறு உண்டு. ஆண் மருத்துவர் தொடுவதைவிடச் சாவதே மேல் என்று வீட்டுக்குள் முடங்கிய பெண்கள் அன்று ஏராளம். 1875இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர் மேரி ஷார்லீப். லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியவர், 1885இல் அப்படி முடங்கிய பெண்களுக்கென்றே மருத்துவமனை தொடங்கினார். கோஷா என்றால் திரைமறைவு. பிறகு கஸ்தூரிபா காந்தி பெயர் வைத்தார்கள். ஜனங்கள் வாயில் இன்றும் கோஷாதான்.

பயந்தவர்களைப் பழிக்காமல், அவர்கள் நிபந்தனையை ஏற்றுக் கட்டிய இடம் அது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

போன மாதம் அம்மாவை வயிற்று ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். பயத்தில் அவள் கை சில்லிட்டிருந்தது. நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொண்டு நானும் உள்ளே நின்றேன். ஜெல்லைத் தடவும் முன் “கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்மா” என்றார் அவர். அம்மா தலையாட்டினாள், என் விரலை விடவில்லை.