அபின் குத்தகை முதல் மெத்தடோன் வரை

மலாயாவில் போதைப்பொருளைத் தடை செய்த அரசு எது என்று வினவினால் மாணவர் தயங்காமல் விடை கூறுவர். அதனை விற்ற அரசு எது என்று வினவினால் திகைப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்றங்களில், சண்டு எனப்பட்ட பக்குவம் செய்த அபினை விற்கும் உரிமையைக் காலனி அரசு வணிகர்க்குக் குத்தகைக்கு விட்டது. ஈயச் சுரங்கங்களிலும் மிளகுத் தோட்டங்களிலும் உழைத்த சீனத் தொழிலாளரின் கூலியில் ஒரு பங்கு, சண்டுக் கடைகளின் வழியே அரசின் கருவூலத்தைச் சென்றடைந்தது. சில ஆண்டுகளில் அரசு வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்தே கிடைத்ததெனின் அதன் அளவை உணரலாம். 1910ஆம் ஆண்டில் குத்தகை முறை ஒழிந்தது, வணிகம் ஒழியவில்லை. அரசே அதனைத் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. (நம் தோட்டத்து மக்களுக்குச் சண்டுக்குப் பதிலாகக் கள்ளுக்கடை வாய்த்தது. அதனை எதிர்த்துக் கெடாவில் 1947ஆம் ஆண்டில் தொண்டர் படையினர் நடத்திய போராட்டம் தனியே எழுதத்தக்கது.) 1943 நவம்பரில்தான், அதாவது மலாயா ஜப்பானியர் கையில் இருந்த காலத்தில்தான், மீண்டும் ஆட்சிக்கு வரும்போது அபினை அறவே தடுப்பதென்று இலண்டன் அறிவித்தது. 1946இல் தடை நடைமுறைக்கு வந்தது.

விற்றவனே தண்டிப்பவனாக மாறிய இந்தத் திருப்பத்தை மனத்திற்கொண்டால்தான் பின்வந்தவற்றின் போக்கு விளங்கும். அபாயகர மருந்துச் சட்டம் 1952இல் இயற்றப்பட்டது. எழுபதுகளில் அபினின் இடத்தை ஹெராயின் பிடித்தது. சட்டமும் கடுமையாயிற்று. கடத்துவோர்க்கு மரண தண்டனை விதிக்கலாம் என 1975இல் திருத்தம் வந்தது. 1983இல் அத்தண்டனை கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே போதைப்பொருள் நாட்டின் பாதுகாப்புக்கு மிரட்டல் என அறிவிக்கப்பட்டது. பழக்கத்துக்கு அடிமையானோரை ஈராண்டு கட்டாயமாகப் புசாட் செரெந்தி என்னும் மறுவாழ்வு நிலையங்களில் வைப்பதற்கும் சட்டம் வழிசெய்தது. அங்கே அணிவகுப்பும் உடலுழைப்பும் ஒழுக்கமும் மருந்தாகக் கருதப்பட்டன. வெளிவந்தோரில் மிகப் பலர் மீண்டும் ஹெராயினையே நாடினர். பள்ளிகளில் ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டிகளும் சுவரொட்டிப் போட்டிகளும் நடந்தன. அவற்றில் வரையப்பட்ட ஊசி எப்போதும் எமனின் கையில் இருந்தது.

1986ஆம் ஆண்டில் மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. ஊசி ஏற்றிக்கொள்பவர் நரம்பில் குத்தியபின் சிறிது இரத்தத்தைக் குழலுக்குள் இழுப்பது வழக்கம். அந்த இரத்தத்தின் எச்சம் குழலில் தங்கும்; கிருமி அதில் நாட்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில்கூட உயிரோடிருக்கும். அடுத்தவர் அதே ஊசியைப் பயன்படுத்துங்கால் கிருமி நேரே அவர் குருதியிற் கலக்கிறது. ஊசி மலிவான பொருள்தான். ஆயினும் அதனை உடன் வைத்திருப்பதே சட்டத்தின் முன் குற்றமாயிற்று. ஆகவே ஹெராயினை நாடியவர் தமக்கென ஊசி வைத்துக்கொள்ள அஞ்சி, மறைவிடங்களில் பலரும் ஒன்றையே பகிர்ந்தனர். குற்றத்தைத் தடுக்கப் பிறந்த அச்சம் நோயைப் பரப்பும் வழியாக மாறிய விந்தை இதுவே.

இது நம் நாட்டில் மட்டும் நேர்ந்ததன்று. எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் காவல்துறை கெடுபிடி செய்தது. புதிய ஊசி கிடைப்பது அரிதாயிற்று. 1986இல் அந்நகரின் ஒரு மருத்துவர், தம்மிடம் வந்த ஹெராயின் பழக்கத்தாரைச் சோதித்தபோது பாதிப்பேர்க்குக் கிருமி தொற்றியிருந்தது. ஆம்ஸ்டர்டாமிலோ 1984 முதலே பழைய ஊசியைப் பெற்றுக்கொண்டு புதியதைக் கொடுக்கும் முறை தொடங்கிவிட்டது. ஈரலழற்சி நோயைத் தடுக்கவேண்டுமென முதலில் வற்புறுத்தியவர்கள் போதைப்பித்தர்களின் சங்கத்தாரே. இச்சான்றுகள் மருத்துவ உலகுக்குத் தெரிந்திருந்தும் நம் நாடு இருபது ஆண்டுகள் காத்திருந்தது. அக்காத்திருப்பின் விலை சிறிதன்று. 2002ஆம் ஆண்டில் மட்டும் 6,978 பேருக்குப் புதிதாகத் தொற்று பதிவாயிற்று. 2005இன் இறுதியில் மொத்த எண்ணிக்கை எழுபதாயிரத்தைத் தாண்டியது. அவர்களுள் ஏறத்தாழ நால்வரில் மூவர் ஊசி வழியாக நோயுற்றவர்கள். அவர்தம் மனைவியரும் பிள்ளைகளும் இக்கணக்கின் மறுபக்கத்தில் இருந்தனர்.

புத்தாயிரத்தாண்டு வளர்ச்சி இலக்குகளுள் எச்.ஐ.வி. பற்றியதில் மலேசியா பின்தங்கிவிட்டது என்னும் கணிப்பு 2005இல் வெளியானது. ஏனைய இலக்குகளிற் பெருமை கொண்டிருந்த அரசுக்கு அது உறுத்தியிருத்தல் வேண்டும். அவ்வாண்டில் மெத்தடோன் மாற்று மருத்துவம் 1,200 நோயாளிகளுடன் முன்னோட்டமாகத் தொடங்கிற்று. ஊசி மாற்றுத் திட்டத்தைச் சுகாதார அமைச்சு அறிவித்தபோதுதான் புயல் எழுந்தது. வரிப்பணத்தில் ஊசி வாங்கிக் கொடுப்பது தீமைக்குத் துணைபோவதென்று சமயத் தலைவர் சிலரும் காவல்துறையினர் சிலரும் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பை அறியாமை என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் குமுறலும் அதில் இருந்தது. ஆயினும் 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பினாங்கு, கோலாலம்பூர், ஜொகூர் பாரு ஆகிய மூவிடங்களில் திட்டம் தொடங்கியது. 1992இல் நிறுவப்பட்ட மலேசிய எய்ட்ஸ் மன்றமும் அதன் துணை இயக்கங்களும் பணியை ஏற்றன. கோலாலம்பூர் சௌகிட் பகுதியில் இக்லாஸ் நிலையம் அதற்கு முன்பே போதைப்பித்தர்க்கு உணவு அளித்தும் புண்களுக்குக் கட்டுப் போட்டும் வந்தது. அந்த நம்பிக்கையின் மேல்தான் ஊசித் திட்டம் காலூன்றியது. தெருவிற் சென்று பணியாற்றியவர்களுள் பலர், ஒரு காலத்தில் தாமும் ஊசி ஏற்றிக்கொண்டவர்களே. அமைச்சு அதிகாரி நுழைய இயலாத சந்துகளில் அவர்கள் நுழைந்தனர். காவல்துறைக்கு வழிகாட்டுநெறிகள் வகுக்கப்பட்டும் ஊசியோடு நின்றவர் கைதாவது முற்றும் நின்றுவிடவில்லை.

மெத்தடோன் நாள்தோறும் குடிக்கும் பாகு. அதன் வேகம் ஒரு நாள் நிற்கும், உடல்வேதனை தணியும், ஊசியின் தேவை நீங்கும். காலையில் அதனை அருந்தியவர் வேலைக்குச் செல்லலாம். பின்னர் இம்முறை எதிர்பாராத இடங்களிலும் வேரூன்றியது. 2008இல் கிளந்தானின் பெங்காலான் செப்பா சிறையில் கைதிகளுக்கு அளிக்கப்பட்டது. கோலாலம்பூரின் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலே வழிபாட்டோடு மெத்தடோனும் வழங்கப்பட்டது. சமயத்தின் பேரால் எதிர்ப்பு எழுந்த நாட்டில் சமயக் கூடமே மருந்தகமாயிற்று என்பது, இவ்வரலாற்றில் என்னை மிகவும் வியக்கவைக்கும் செய்தி.

2005இல் 6,120ஆக இருந்த புதிய தொற்றுகள் 2009இல் 3,080ஆகக் குறைந்தன. எனினும் எல்லாப் புகழையும் ஊசித் திட்டத்துக்கே சூட்டுவது வரலாற்று மாணவனுக்கு அடாது. சரிவு 2003 முதலே மெல்லத் தொடங்கியிருந்தது. ஹெராயினை விட்டு ஊசி தேவைப்படாத ஷாபு போன்றவற்றை நாடியோரும் பலர். ஆனால் 2006க்குப் பின் சரிவு விரைந்ததை மறுக்க இயலாது. அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் ஊசியைப் பாலுறவு விஞ்சியது. அப்பத்தாண்டின் முடிவில் புதிய தொற்றுகளில் ஊசியின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிற்று. கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டது.

பழைய ஊசிகளின் கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. ஹெப்பாடிட்டிஸ் சி என்னும் ஈரல் நோய், தொற்றிய பின் இருபது முப்பது ஆண்டுகள் ஓசையின்றி உடலில் தங்கக்கூடியது. 2017இல் மலேசிய அரசு, விலைமிக்க அந்நோய் மருந்தைக் காப்புரிமையை மீறியும் மலிவாகப் பெறுவதற்குச் சட்டப்படி ஆணையிட்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஓர் ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்கள், தலை நரைத்த பின் அம்மருந்துக்காக அரசு மருத்துவமனைகளின் வரிசைக்கு வந்தனர்.