கொந்தளிப்பு வெப்பச்சலனத்தில் ஓட்ட அலைவுகள்

அடியில் சூடாக்கி மேலே குளிர்வித்த கலத்தில் வளிமமோ நீர்மமோ கொந்தளித்து ஓடும்போது, அதன் பெருஞ்சுழற்சி குறிப்பிட்ட கால இடைவெளியில் திசையும் இடமும் மாறி அசைவது ஓட்ட அலைவு எனப்படும். சூடான பகுதி ஒரு சுவரை ஒட்டி மேலேறும். குளிர்ந்த பகுதி எதிர்ச்சுவரை ஒட்டிக் கீழிறங்கும். கலத்தையே நிறைக்கும் இந்தச் சுழற்சி கொந்தளிப்பின் நடுவிலும் நிலைத்திருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் நிற்பதில்லை.

தொடக்கம்

1900இல் பிரான்சில் ஆன்ரி பெனார் மெல்லிய நீர்மப் படலத்தில் வெப்பச்சலன ஓட்டத்தின் ஒழுங்கான அமைப்பைக் கண்டார். 1916இல் ராலே பிரபு வெப்பச்சலனத்திற்குக் கணித அடிப்படை அமைத்தார். சூடாக்கத்தின் வலிமையைச் சொல்லும் ராலே எண் அவர் பெயரால் வழங்குகிறது. இரு திண்மத் தட்டுகளுக்கிடையே அது ஏறத்தாழ 1,708ஐத் தாண்டினால் ஓட்டம் தொடங்கும். 1980களில் சிகாகோவில் ஆல்பர்ட் லிப்ஷாபர் குழுவினர் மிகக் குளிர்ந்த ஹீலியம் வளிமத்தின் வெப்பநிலையை அளந்தனர். ஒழுங்கற்ற ஏற்ற இறக்கங்களுக்குள் ஒரு தெளிவான அதிர்வெண் தென்பட்டது. அது எங்கிருந்து எழுகிறது என்பதே பின்வந்த ஆய்வுகளின் கேள்வி.

ஜெர்மனியில்

துரிங்கியா மாநிலத்திலுள்ள இல்மெனாவ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ‘இல்மெனாவ் பீப்பாய்’ 7.15 மீட்டர் விட்டமுள்ள காற்றுக் கலம். மேல்தட்டை ஏற்றி இறக்கி, உயரத்தை 6.3 மீட்டர் வரை மாற்றலாம். ராலே எண் 10¹² வரை எட்டும் இக்கலத்தில் காற்றின் வேகத்தை லேசர் கொண்டு அளக்க முடிகிறது. கிறிஸ்டியான் ரெசாக், ரோனால்ட் டு புயிட்ஸ், ஆந்த்ரே டெஸ் ஆகியோர், சீக்ஃபிரீட் குரோஸ்மன், டெட்லெஃப் லோசே முதலிய கோட்பாட்டாளர்களுடன் சேர்ந்து 2006இல் இந்த அலைவுகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர்.

கோட்டிங்கனில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் 2.24 மீட்டர் உயரக் கலத்தில் சல்பர் ஹெக்சாபுளோரைடை உயர் அழுத்தத்தில் நிரப்பி, ராலே எண்ணை 10¹⁵ வரை கொண்டு சென்றது.

டிரெஸ்டன்-ரோசன்டார்ஃப் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையம் எடுத்துக்கொண்டது காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த திரவ உலோகம். அறை வெப்பநிலையிலேயே நீர்மமாக இருக்கும் இதற்குள் ஒளி புகாது. அதனால் சுவரில் பொருத்திய உணரிகள் மீயொலித் துடிப்புகளை அனுப்பி, எதிரொலியிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகின்றன.

அலைவின் வகைகள்

முறுக்கலைவில் சுழற்சியின் மேற்பாதி ஒரு பக்கம் திரும்பும்போது கீழ்ப்பாதி எதிர்ப்பக்கம் திரும்பும். தளும்பலைவில் சுழற்சித் தளம் பக்கவாட்டில் நகர்ந்து மீளும். உயரத்தைப்போல் இருமடங்கு அகலமான கலத்தில் சுழலின் மையம் ஸ்கிப்பிங் கயிறுபோல வளைந்து சுற்றுவதை 2018இல் ரோசன்டார்ஃபின் டோபியாஸ் ஃபோக்ட், அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து வெளியிட்டார்.

மதிப்பீடு

புவியின் வெளிக்கருவில் ஓடும் உருகிய இரும்பைப் புரிந்துகொள்ள இவ்வாய்வுகள் உதவுகின்றன. ஒடுக்கமான கலத்தில் சூடாக்கம் வலுத்தால் பெருஞ்சுழற்சியே குலைந்துவிடுவதை 2022இல் ரோசன்டார்ஃப் ஆய்வு காட்டியது. ஆகவே கலத்தின் வடிவம், பாய்மம், ராலே எண் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் எந்த ஓட்ட அலைவைப் பற்றிய முடிவும் முழுமையாகும்.