அரிதாரத்திலிருந்து இயக்கத்துக்கு: நாசரின் ‘அவதாரம்’ படமும் திருவண்ணாமலைக் கூத்து மரபும்

நடிகர் இயக்குநரானால் அதை ஆசை என்று சொல்லிக் கடந்துவிடுவது தமிழ்ச் சினிமா எழுத்தில் பழகிப்போன ஒன்று. நாசர் 1995இல் ‘அவதாரம்’ எடுத்தபோதும் அப்படித்தான் பேசினார்கள். நல்ல நடிகர், ஒரு நல்ல முயற்சி, வசூல் இல்லை. இந்த மூன்று வாக்கியங்களுக்குள் படத்தை அடக்கிவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தப் படத்துக்கு ஒரு முன்வரலாறு இருக்கிறது. அது கோடம்பாக்கத்தில் தொடங்கவில்லை. அண்ணாமலையார் தீபத்துக்குப் பெயர்பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்தின் வடகிழக்கே, செய்யாறு வட்டாரத்துக் கூத்துக் களங்களில் தொடங்குகிறது.

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. இந்த இரண்டு ஆறுகளின் கரை ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத இடம் அரிது. பங்குனி தொடங்கி ஆடி வரை பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் மேல் படுகளம். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கட்டிக்கொண்டு, இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் வேஷக்காரர் விருத்தம் பாடுவார். முகவீணையும் மிருதங்கமும் ஹார்மோனியமும் சேரும். கட்டியங்காரன் ‘யார் ஐயா தாங்கள்?’ என்று கேட்டபிறகே அவர் தன்னை அறிவிப்பார். நாடகத்தில் பாத்திரம் உள்ளே வருகிறது. கூத்தில் பாத்திரம் தன்னைத் தானே பிரகடனம் செய்துகொண்டு இறங்குகிறது. துகிலுரிதல் காட்சிக்கு முன் துச்சாதனன் வேஷம் கட்டியவர் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இன்றும் உண்டு. வேஷம் வேறு, ஆள் வேறு என்ற கோடு அங்கே அவ்வளவு உறுதியானது அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த மரபு சென்னை நகரத்து நடிப்புக்குள் நுழைந்த வழி, செய்யாற்றை ஒட்டிய புரிசை கிராமம். அங்கே தலைமுறைகளாகக் கூத்தாடி வந்த தம்பிரான் குடும்பத்தின் நடேசத் தம்பிரான் ஆடியதை எழுபதுகளில் பார்த்த ந. முத்துசாமி, தமிழ் நாடகத்தின் வேர் இங்கே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். ‘அன்று பூட்டிய வண்டி’ என்ற அவருடைய கட்டுரைத் தொகுப்பு அந்தப் பார்வையின் விளைவு. 1977இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறையில் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் நகரத்து இளைஞர்கள் அடவும் பாட்டும் கற்றார்கள். கொடுக்கல் வாங்கல் ஒருபக்கமாக நிற்கவில்லை. புரிசைக்காரர்கள் பிரெக்ட்டின் நாடகத்தையும் மார்க்வெஸின் கதையையும் கூத்தாக ஆடினார்கள். ‘நாட்டுப்புறக் கலையை வாழவைக்கிறோம்’ என்று மேடையில் முழங்கும் நகரத்தார் இதைக் கவனிப்பதில்லை.

பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று கூத்துப்பட்டறை தமிழ்ச் சினிமாவுக்குத் தந்த பெயர்களைப் பலரும் அடுக்குவார்கள். உடம்பைக் கருவியாகக் கொண்ட ஒரு நடிப்பு முறை அவர்கள் வழியாகத் திரைக்கு வந்தது. ஆனால் கூத்தையே பொருளாக எடுத்துக்கொண்டு ஒரு முழுப் படம் செய்யத் துணிந்தவர், அந்த நவீன நாடகச் சூழலோடு நெருக்கம் கொண்ட நாசர்.

நாசர் 1958இல் பிறந்தவர், செங்கல்பட்டுக்காரர். பாலாற்றங்கரை ஊர், கூத்து அங்கே அயல் சரக்கல்ல. சிறிது காலம் விமானப்படையில் இருந்துவிட்டு, சென்னையில் முறையாக நடிப்புப் பயின்று, கே. பாலசந்தரின் ‘கல்யாண அகதிகள்’ (1985) மூலம் திரைக்கு வந்தார். ‘நாயகன்’ (1987) போலீஸ் அதிகாரி, ‘தேவர் மகன்’ (1992) மாயத்தேவர் என்று அடுத்த பத்தாண்டில் வில்லன், குணச்சித்திரம் இரண்டிலும் தவிர்க்க முடியாதவர் ஆனார். 1995ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள்: ‘பம்பாய்’ படத்தில் பழமையில் ஊறிய இந்துத் தகப்பன், ‘குருதிப்புனல்’ படத்தில் தீவிரவாதத் தலைவன் பத்ரி. கை நிறைய வாய்ப்பு இருந்த அந்த ஆண்டில்தான் அவர் ‘அவதாரம்’ படத்தை இயக்கி நடித்தார். வேலையில்லாத நடிகரின் மாற்று வழி அல்ல அது.

படத்தின் நாயகன் குப்புசாமி கூத்துக் குழுவில் எடுபிடி, வெகுளி. வேஷம் கட்ட வேண்டும் என்பது அவனுடைய ஒரே ஏக்கம். குழுவின் முன்னணி ஆட்டக்காரன் பாசி, திறமையும் திமிரும் கொண்டவன். பார்வையற்ற பெண்ணாக ரேவதி. கதை பழிவாங்கும் கதைதான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் பழி தீரும் இடம் தமிழ்ச் சினிமாவில் அதுவரை இல்லாதது. வாழ்நாள் முழுக்க வேஷம் மறுக்கப்பட்டவன் நரசிம்மமாக வேஷம் கட்டி வருகிறான். கொலை, ஆட்டத்துக்குள்ளேயே நிகழ்கிறது. இரணியன் கதை தமிழ் மேடைகளில் எப்போதும் அச்சத்தோடு ஆடப்படுவது. தஞ்சைப் பக்கத்து மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்ம முகமூடிக்குப் பூஜை நடக்கும், வேஷம் போடுபவர் விரதம் இருப்பார். வேஷம் ஆளை விழுங்கிவிடும் என்ற அந்தப் பழைய அச்சத்தை நாசர் திரைக்கதையின் அச்சாக வைத்தார். தெய்வம் இறங்கியதா, மனிதன் கொன்றானா என்ற கேள்விக்குப் படம் பதில் சொல்லாமல் விடுகிறது. கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்கும் துச்சாதனனின் இடமும் இதே இடம்தான்.

இதற்கு முன் திரையில் கூத்து வந்ததில்லையா? வந்தது. ‘நவராத்திரி’ (1964) படத்தில் சிவாஜி கூத்துக் கலைஞராக ஆடிய சத்தியவான் சாவித்திரி பகுதியை யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் அது ஒன்பது வேடங்களில் ஒன்று, ஒரு சிவாஜி வித்தை. ‘கரகாட்டக்காரன்’ (1989) கலையைக் காதல் கதைக்குப் பின்னணியாக்கி வெள்ளிவிழா கண்டது. ‘அவதாரம்’ கூத்தை அலங்காரமாக வைக்கவில்லை. அரிதாரம் பூசும் உரிமை யாருக்கு என்பதே அதன் கதை.

இளையராஜாவின் பங்கு இதில் தனியாக எழுதத்தக்கது. பார்வையற்ற பெண்ணுக்கு நிறங்களை உணர்த்துவதாக வாலி எழுதிய பாடலை இளையராஜாவும் எஸ். ஜானகியும் பாடினார்கள். படத்தைப் பார்க்காதவர்களும் இன்றுவரை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாட்டு படத்தை விடப் பெரிதாகிவிட்டது என்பது படத்துக்கு நேர்ந்த துரதிருஷ்டம் என்றே சொல்ல வேண்டும். பாசியாக அறிமுகமான பாலாசிங் கடைசிவரை ‘அவதாரம்’ பாலாசிங் என்றே அழைக்கப்பட்டார், 2019இல் காலமானார். ரேவதியும் 2002இல் ‘மித்ர் மை ஃப்ரெண்ட்’ எடுத்து இயக்குநரானது தற்செயலாக இருக்கலாம்.

நாசரைச் சுயாதீன இயக்குநர் என்று அழைக்கலாமா? அமெரிக்காவில் ஜான் கசாவெட்டிஸ் பிறர் படங்களில் நடித்த சம்பளத்தைத் தன் படங்களில் போட்டார். ‘ஷேடோஸ்’ (1959) முதல் அவர் வழி அது. இங்கே எஸ். பாலசந்தர், சிறு வயதிலேயே நடிக்க வந்தவர், பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ (1954) படத்தை ஏவிஎம் கூரையின் கீழ் எடுத்து, பின்னர் ‘பொம்மை’ (1964), ‘நடு இரவில்’ (1970) படங்களைத் தானே தயாரித்தார். நாசருடைய படங்களில் பாட்டு உண்டு, தெரிந்த முகங்கள் உண்டு. சந்தையை அவர் புறக்கணிக்கவில்லை. பொருளைத் தேர்வதில்தான் அவருடைய சுதந்திரம் இருந்தது. என் கணிப்பில் அந்தப் பாதிச் சுதந்திரமே அவருக்குச் சிக்கலானது. கலைப்பட வட்டம் பாட்டைக் கண்டு ஒதுங்கியது, வணிக வட்டம் கூத்தைக் கண்டு ஒதுங்கியது.

தொண்ணூறுகளில் சிறிய படத்துக்குத் தமிழில் தனிப் பாதை கிடையாது. விநியோகஸ்தர் ஏரியா ஏரியாவாக வாங்க வேண்டும். முதல் வாரம் தியேட்டர் நிறையவில்லை என்றால் பெட்டி திரும்பிவிடும். இணையத் திரை இல்லை. பார்த்திபன் ஒரே ஆளாக நடித்த ‘ஒத்த செருப்பு சைஸ் 7’ (2019) போன்ற படத்துக்கு இன்று கிடைக்கும் இரண்டாம் வாழ்வு ‘அவதாரம்’ படத்துக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த படங்களில் நாசர் கூத்தைவிட்டு விலகினார். ‘தேவதை’ (1997), ‘மாயன்’ (2001), மோகன்லாலும் சிம்ரனும் நடித்த ‘பாப்கார்ன்’ (2003). இவற்றில் ‘தேவதை’யின் கற்பனைத் துணிச்சல் குறிப்பிடத்தக்கது, மற்ற இரண்டும் ‘அவதாரம்’ எட்டிய இடத்தை எட்டவில்லை. 2015இல் ரமேஷ் அரவிந்த் இயக்கிய ‘உத்தம வில்லன்’ படத்தில் இரணியன் நாடகம் மீண்டும் வந்தது. அதில் அரசனாக நாசர் நடித்தார், இம்முறை நகைச்சுவையாக. அதே ஆண்டு நடிகர் சங்கத் தலைவரானார்.

எட்டு ஆண்டுகளில் நான்கு படங்கள். பிறகு அவர் இயக்கத்தில் எதுவும் திரைக்கு வரவில்லை. அந்த நான்கில் ‘அவதாரம்’ ஒன்றுக்காகவே தமிழ்த் திரை வரலாற்றில் அவருக்கு இயக்குநர் என்ற இடம் உண்டு. தமிழ்க் கூத்தை உள்ளிருந்து பார்த்த படங்களில் இன்றும் அதுவே முதல் படம்.