மனநோயும் மனிதப் பரிவும்



கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் ஒருவரைக் கேலி செய்ய, "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்" என்பார்கள். அந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் மனநோய் மருத்துவமனை 1911ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மனநோயாளியை ஊரைவிட்டு விலக்கி வைப்பதே அக்காலத்து வழக்கம். பல நாடுகளிலும் நிலைமை அதுதான். 1971இல் அந்த மருத்துவமனைக்கு 'பஹாகியா' என்று பெயர் மாற்றினார்கள். மகிழ்ச்சி என்பது அதன் பொருள். பெயரோடு மக்களின் எண்ணமும் மாற வேண்டுமல்லவா?

அந்த மாற்றத்திற்கு உழைத்தவர்களுள் ஒருவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை தலைமை வகித்தார். மருந்து வேண்டும், ஆனால் மருந்து மட்டும் போதாது என்பது அவர் கொள்கை. நோயாளிக்குக் கைத்தொழில் வேண்டும், குடும்பத்தாருக்கு நோயைப் பற்றிய விளக்கம் வேண்டும், குணமானவருக்குத் திரும்பிப் போக ஒரு வீடு வேண்டும். இந்த நோக்கத்தோடு 1984இல் 'ஸ்கார்ஃப்' என்னும் நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். 2021இல் மறையும் வரை இப்பணியையே நினைத்து வாழ்ந்தார்.

இந்தப் பரிவு எட்டாத இடத்தில் என்ன நேர்ந்தது? 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் யார்? பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தினர்தாம். பகையால் அல்ல, வேறு வழி தெரியாததால் விட்டார்கள்.

நேயர்களே, நமக்கு வழி இருக்கிறது. உறக்கமின்றித் தவிப்பவர், தனியே பேசுபவர், யாரோடும் சேராமல் ஒதுங்குபவர் நம் வீட்டில் இருந்தால் மறைக்க வேண்டாம். கோயிலுக்குப் போவதில் தவறில்லை; மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே பார்த்துவிட்டு, தேவையானால் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். மருந்தை இடையில் நிறுத்தாமல் கொடுங்கள். கூடவே உட்கார்ந்து, அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.

மருத்துவர் தொடங்கி வைக்கும் வைத்தியத்தை நடத்தி முடிப்பது வீட்டார் காட்டும் பரிவுதான்.