சமபகுதியம்

கேமரன் மலையின் திரிங்காப்பில் காய்கறித் தோட்டத்துக்காகச் சரிவை வெட்டிய இடங்களில், செம்மண்ணுக்கடியில் உதிரும் பாறை தெரியும். தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல். கருங்கல் என்றால் துளி யுரேனியமாவது இருக்கும். அது தோரியமாகி, தோரியம் புரோடாக்டினியம்-234 ஆகும்: 91 புரோட்டான், 143 நியூட்ரான். அந்த அணுக்கருவுக்கு அரை ஆயுள் இரண்டு. ஒன்று சுமார் 1.2 நிமிடம், மற்றது 6.7 மணி நேரம். 1921இல் பெர்லினில் ஓட்டோ ஹான் இதைக் கண்டறிந்தார்.

இத்தகைய கருவை ஐசோமர் என்கிறோம். வேதியியலிடம் கடன் வாங்கிய சொல். ஒரே அணுக்களால் ஆன இரண்டு வெள்ளி உப்புகளில் ஒன்று வெடித்தது, மற்றது சும்மா கிடந்தது. அந்த வியப்புக்குப் பெயர் தேடிய வேதியியலாளர் பெர்சீலியஸ் 1830இல் கிரேக்கத்தின் ஐசோஸ் (சமம்), மெரோஸ் (பகுதி) இரண்டையும் ஒட்டினார். இலங்கைப் பாடநூல்கள் அதை அப்படியே ‘சமபகுதியம்’ என்றன; தமிழ்நாட்டில் ‘மாற்றியம்’. எனக்கு இலங்கைச் சொல்லே பிடிக்கிறது. மாற்றியம் என்றால் எதையோ மாற்றிவிட்டதாகத் தோன்றும். இங்கே ஒரு நியூட்ரான்கூட மாறவில்லை.

மாறுவது தற்சுழற்சி. கிளர்ந்த கரு வழக்கமாக நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள் காமாக் கதிரை உதறிவிட்டு அடிநிலைக்கு இறங்கிவிடும். இரு நிலைகளின் தற்சுழற்சியும் வெகுவாக வேறுபட்டால் இறங்க வழியின்றி மாட்டிக்கொள்ளும் என்று 1936இல் விளக்கியவர் இயற்பியலாளர் வைட்சேக்கர்.

சில கருக்களில் உருவமே மாறும். 1962இல் துப்னாவில் கண்ட அமெரிசியம்-242 ஐசோமர், அடிநிலையைவிட வெகுவாக நீண்ட உருவில் 14 மில்லிநொடி தங்கியது. நியூட்ரான் மிகுந்த கருக்களில் இந்த உருவப் போட்டி இன்னும் கடுமை. 58 நியூட்ரான் உள்ள சிர்க்கோனியம்-98 ஏறக்குறைய உருண்டை. இரண்டு நியூட்ரான் கூடிச் சிர்க்கோனியம்-100 ஆனதும் பலாக்கொட்டைபோல் நீண்டுவிடும். இரு உருவங்களின் ஆற்றலும் அருகருகே இருப்பதால், உருண்டைக் கருவுக்குள்ளேயே நீண்ட உருவம் கிளர்நிலையாகக் காத்திருக்கிறது. சமபகுதியம் என்ற சொல் பகுதிகளை மட்டும்தான் எண்ணும். இந்த உருவக் கணக்கு அதில் அடங்காது.

கேமரன் மலைக்கு மேற்கே, கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயலம்பங்களும் (வெள்ளீயச் சுரங்கங்கள்) இதே தித்திவாங்சாக் கருங்கல்லின் கொடைதான். அங்கிருந்து வந்த வெள்ளீயத் தாதுவை உருக்கிய கசடில் தாண்டலம் இருந்தது. இயற்கைத் தாண்டலத்தில் 0.012 விழுக்காடு, தாண்டலம்-180இன் ஐசோமர். அடிநிலையில் அந்தக் கரு 8 மணி நேரத்தில் பாதியாகிவிடும். கிளர்நிலையிலோ அது சிதைந்ததை இன்றுவரை எவரும் பார்த்ததில்லை.