வீழ்ந்தோரும் மீண்டோரும்: கார்த்தேஜ் ஆயர் சிப்ரியனின் நிலைப்பாடு

சமய வரலாறுகளில் கொள்கைக்காக உயிர்நீத்தோர்க்கு உரிய இடம் பெரிது. அச்சத்தால் கொள்கையைக் கைவிட்டோர் பற்றிய செய்திகளோ பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. எனினும் ஒரு சமூகத்தின் இயல்பை அறிய, தன்னை விட்டு நீங்கியோரை அது எவ்வாறு நடத்தியது என்பதைக் காண்பது பெரிதும் துணைபுரியும். அந்நோக்கில், இன்றைய துனிசியாவில் அமைந்திருந்த கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்ரியன், தம் நண்பர்களும் சபையினரும் விசுவாசத்தை மறுதலித்தபோது மேற்கொண்ட நிலைப்பாட்டை ஈண்டு ஆராய்வோம்.

கி.பி. 249-இல் உரோமைப் பேரரசரான டேசியஸ், குடிமக்கள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டுமென ஆணையிட்டார். பலியிட்டு, மது வார்த்து, பலியுணவைச் சுவைத்தோர்க்கு அதிகாரிகள் சான்றிதழ் வழங்கினர். எகிப்தில் கிடைத்துள்ள பாப்பிரஸ் ஏடுகளுள் இத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை உள்ளன. ஆணை சிற்றூர்கள்வரை எட்டியதை அவை காட்டுகின்றன.

கார்த்தேஜில் வீழ்ந்தோர் பலராயினர். சிலர் அழைப்பாணை வருமுன்னரே பலிபீடத்தை நாடி விரைந்தனர். சிலர் பலியிடாமலே பணங்கொடுத்துச் சான்றிதழ் பெற்றனர். சிப்ரியனோ நகரை விட்டு நீங்கி, மறைவிடத்திலிருந்து கடிதங்கள்வழித் திருச்சபையை நடத்தினார். அவர்தம் மறைவு கார்த்தேஜிலும் உரோமையிலும் குறைகூறலுக்கு உள்ளாயிற்று. தாம் நேரில் எதிர்கொள்ளாத சோதனையில் தோற்றோர்க்குத் தீர்ப்பு வழங்க வேண்டிய இக்கட்டான நிலை அவருக்கு ஏற்பட்டது.

வீழ்ந்தோருள் பலர் விரைவில் திரும்பிவர விழைந்தனர். சிறைப்பட்டும் விசுவாசத்தில் உறுதியாக நின்றோர் அவர்களுக்குப் பரிந்துரைக் கடிதங்கள் அளித்தனர். ஒருவர் பெயரைச் சுட்டி, அவரைச் சார்ந்தோர் அனைவரையும் எண்ணிக்கையின்றி அடக்கிய கடிதங்களும் இருந்தன. குருமார் சிலர் அக்கடிதங்களை ஏற்று, உடனே நற்கருணை வழங்கினர். சிப்ரியன் இதனை மறுத்தார். காயத்தை ஆற்றாமல் மூடிவிடுவது இரக்கமாகாது என்பதே அவர் வாதத்தின் சாரம் எனலாம். உரோமையில் நோவாசியன் என்பார் நேரெதிர் நிலையில் நின்றார். வீழ்ந்தோரைச் சபை மீண்டும் ஏற்றலாகாது என்பது அவர் கொள்கை. இதனையும் சிப்ரியன் ஏற்கவில்லை.

கி.பி. 251-இல் நகர் திரும்பிய சிப்ரியன், வீழ்ந்தோர் குறித்துத் தனி நூலொன்று இயற்றினார். அதில் கண்டிப்பு மிகுதி. ஆயினும் வீழ்ந்தோரின் துயரைத் தம் துயராகவே அவர் பேசுகிறார். அவ்வாண்டு கூடிய ஆயர் மன்றம், சான்றிதழ் மட்டும் பெற்றோரைத் தனித்தனியே விசாரித்து ஏற்கலாமெனவும், பலியிட்டோர் நெடுங்காலம் மனவருத்த ஒறுத்தல் மேற்கொண்டு, இறக்குந் தறுவாயிலாவது ஏற்கப்பெறலாமெனவும் முடிவுசெய்தது. கல்லுஸ் பேரரசர் காலத்தில் மீண்டும் துன்புறுத்தல் நெருங்குவதாகக் கருதப்பட்டபோது, ஒறுத்தலில் நிலைத்திருந்தோர் அனைவரும் ஏற்றுக்கொள்ளப்பட்டனர். போருக்குச் செல்வோரை வெறுங்கையராய் அனுப்பலாகாது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம்.

இங்கு நாம் ஊன்றிக் கருதத்தக்கது, சிப்ரியன் வேற்றுமைகளைக் கண்ட முறையாகும். தானே முந்திச் சென்று பலியிட்டவனையும், நெடுநேரம் வதைபட்டுப் பின் தளர்ந்தவனையும் அவர் ஒருசேர வைத்து எண்ணவில்லை. மனைவி மக்களையும் வீட்டாரையும் காக்கும்பொருட்டுத் தான் ஒருவனே சென்று பலியிட்டவனையும் வேறாகவே நோக்கினார். மறுதலிப்பு என்னும் ஒரே சொல்லுக்குள் பல்வேறு மனிதர்கள் அடங்கியிருந்ததை அவருடைய கடிதங்கள் நமக்குப் புலப்படுத்துகின்றன.

கி.பி. 257-இல் வலேரியன் பேரரசர் ஆட்சியில் சிப்ரியன் நாடுகடத்தப்பட்டார். மறு ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், பலியிட மறுத்து, வாளால் தலை வெட்டப்பட்டு இறந்தார். ஒருகால் மறைந்து வாழ்ந்தவர் இறுதியில் தம் மக்கள்முன் நின்று உயிர்நீத்தமை குறிப்பிடத்தக்கது. அவர் வகுத்த நெறியில் மறதிக்கும் இடமில்லை. நிலையான விலக்கலுக்கும் இடமில்லை. பிரிந்த நண்பர் திரும்பிவரக் கதவு திறந்திருக்க வேண்டும்; அவ்வாறு வருவதற்கு உரிய காலமும் உழைப்பும் வேண்டும் என்பதே அந்நெறி. கொள்கையுறுதியையும் மனிதநேயத்தையும் ஒருங்கே காக்க முனையும் எச்சமூகமும் எதிர்கொள்ளும் சிக்கல் இஃது என்பது நம் துணிபு.